‘சின்ன வேலைதானே!’ – தன்னுரிமை வடிவமைப்பாளராக நான் செய்த ஏழு தவறுகள்

2019ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. பென்கூலன் ஸ்திரீட்டில் உள்ள சன்ஷைன் பிளாசாவிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு துணிக்கடைக்குப் போனேன். பெட்டிகளுக்குள் 2,000 துண்டுப்பிரசுரங்கள். அப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தேன். காசுக்காக நான் செய்த ஐந்தாவது வேலை அது.

கடை உரிமையாளர் ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“என்னம்மா இது? சேலைன்னு போடச் சொன்னா ‘சலே’ன்னு இருக்கு?”

தலைப்பு சரியாகத்தான் இருந்தது. கீழே, சலுகை விவரங்கள் இருந்த பகுதியில் எழுத்துகள் உடைந்திருந்தன. ‘சே’யின் இரட்டைக்கொம்பு, தன் எழுத்தைத் தாண்டிப் போய் ‘ல’வுக்கு முன்னால் நின்றது. ‘லை’யின் ஐகாரக் குறி அதற்கும் அப்பால் தனியே தொங்கியது. 2,000 தாளிலும் அப்படியே.

அந்த வேலைக்கு நான் பேசிய தொகை 150 வெள்ளி. அவசரமாக மறுபடி அச்சிட 260 வெள்ளி ஆனது. அதை நானே கட்டினேன். இரண்டு வாரம் உழைத்து முடித்தபோது என் கையிலிருந்து 110 வெள்ளி போயிருந்தது. அன்றிரவு அம்மாவிடம் கடன் கேட்டபோது அவர் திட்டவில்லை. “இதெல்லாம் உனக்குத் தேவையா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்று அதே தொழிலில்தான் இருக்கிறேன். வீட்டுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறேன். பள்ளி விடுமுறை வந்தால், “அக்கா, எனக்கு கேன்வா தெரியும், இல்லஸ்ட்ரேட்டர் தெரியும். இதை வைத்துச் சம்பாதிக்கலாமா?” என்று கேட்டு இளையர்கள் சிலர் செய்தி அனுப்புகிறார்கள். தாராளமாகச் சம்பாதிக்கலாம். ஆனால், மென்பொருள் தெரிந்திருப்பது தொழிலில் பாதிதான். மீதிப் பாதியை நான் தவறு செய்தே கற்றேன். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் செய்யப்போகும் தவறுகளாவது புதியவையாக இருக்கட்டும்.

தவறு 1: “நீங்களே பார்த்துக் கொடுங்க, அங்கிள்”

என் முதல் வாடிக்கையாளர் அப்பாவின் நண்பர். வீட்டிலிருந்து சமைத்து விநியோகிக்கும் தொழில் தொடங்கியிருந்தார். அதற்கு ஒரு லோகோ வேண்டும் என்றார். “எவ்வளவும்மா?” என்று அவர் கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. சிறு வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவரிடம் எப்படி விலை சொல்வது? “நீங்களே பார்த்துக் கொடுங்க, அங்கிள்” என்றேன். அவர் 80 வெள்ளி கொடுத்தார்.

அந்த லோகோவுக்கு நான் செலவிட்ட நேரத்தைப் பிற்பாடு கூட்டிப் பார்த்தேன். 31 மணி நேரம். மணிக்கு இரண்டு வெள்ளி அறுபது காசுகூட வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நான் பபிள் டீ கடையில் மணிக்கு எட்டு வெள்ளிக்கு வேலை பார்த்திருந்தேன். அதே 31 மணி நேரம் அங்கே நின்றிருந்தால் 248 வெள்ளி கிடைத்திருக்கும்.

விலை சொல்லத் தெரியாததற்குக் காரணம், எனக்கு என்ன தேவை என்பதே எனக்குத் தெரியாததுதான். பிறகு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வீட்டுக்குக் கொடுப்பது, சாப்பாடு, பேருந்து, ரயில், கைப்பேசி, மென்பொருள் சந்தா, காப்புறுதி, மெடிசேவ், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மடிக்கணினி மாற்றச் சேமிப்பது எல்லாம் சேர்த்து மாதம் 2,400 வெள்ளி வந்தது. வாரத்தில் 40 மணி நேரம் உழைத்தாலும் அதில் பாதிதான் காசு வரும் வேலை. மீதி நேரம் மின்னஞ்சல், சந்திப்பு, கொட்டேஷன், அச்சகத்துக்கு அலைவது என்று போய்விடும். ஆக, மாதத்துக்கு 80 மணி நேரம். 2,400ஐ 80ஆல் வகுத்தால் மணிக்கு 30 வெள்ளி. வேலை வராத மாதங்களையும் நினைத்துப் பார்த்தால் அதற்குக் கீழே போகவே முடியாது.

இது என் கணக்கு. வீட்டில் பெற்றோருடன் இருக்கும் மாணவரின் கணக்கு வேறாக இருக்கும். தொகை எதுவானாலும், அதை நீங்களே கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் “எவ்வளவு?” என்ற கேள்விக்குத் தரையைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியும்.

இலவசமாகச் செய்யவே கூடாதா? செய்யலாம். என் தம்பி படித்த தொடக்கப்பள்ளியின் தமிழ் விழாவுக்கு இன்றும் இலவசமாகத்தான் பதாகை செய்து தருகிறேன். ஆனால், அதற்கும் முழு விலை போட்ட இன்வாய்ஸ் அனுப்பி, கீழே ‘நன்கொடை – 100 விழுக்காடு கழிவு’ என்று எழுதுகிறேன். அந்த உழைப்பின் மதிப்பு இரு தரப்புக்கும் தெரிய வேண்டும்.

தவறு 2: எத்தனை முறை மாற்றலாம் என்று பேசாதது

அந்த 31 மணி நேரம் எங்கே போனது? முதல் மாதிரி ஆறு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அங்கிளுக்கும் பிடித்திருந்தது. மறுநாள் அவர் மனைவிக்கு நிறம் பிடிக்கவில்லை. வாரக் கடைசியில் மகன் பார்த்துவிட்டு வாழை இலை பழைய பாணி என்றார். அடுத்த வாரம் மைத்துனர், வாழை இலை இல்லாமல் என்ன சாப்பாட்டுக் கடை என்றார். என் கணினியில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘நிஜமான ஃபைனல்’ என்று 17 கோப்புகள் சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் “சின்ன மாற்றம்தானேம்மா” என்றார். நானும் “பரவாயில்லை அங்கிள்” என்றேன்.

மனத்துக்குள் பரவாயில்லை என்று நினைக்கவில்லை. அதன்பின் இரண்டு திருமணங்களில் அவரைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாவது முறை, சாப்பாட்டு வரிசையில் அவர் எனக்கு நேர் பின்னால் நின்றுவிட்டார். “ஏம்மா, பேசவே மாட்டேங்குற?” என்று கேட்டார். எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. “நீ ஒரு வார்த்தை சொல்லலையேம்மா. நான் என்னமோ கம்ப்யூட்டர்ல ஒரு பொத்தான் அழுத்தினா மாறிடும்னுல்ல நினைச்சேன்” என்றார்.

அவர் என்னை ஏமாற்ற நினைக்கவே இல்லை. அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. அதற்கு அவர்மீது ஒரு வருடம் கோபமாக இருந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால், என் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். வடிவமைப்பில் தடுமாறியதைவிட, வாய் திறந்து சொல்லக் கூசியதுதான் அதிகம்.

சுயதொழில் செய்வோரை வேலைக்கு அமர்த்துவது பற்றிய முத்தரப்புத் தரநிலை 2018ல் நம் நாட்டில் அறிமுகமானது. இரு தரப்பின் பெயர்கள், என்ன வேலை, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் பணம், பேசியதை மாற்ற வேண்டுமானால் என்ன செய்வது, பிணக்கு வந்தால் எப்படித் தீர்ப்பது ஆகியவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. பெரிய நிறுவனங்களுக்கு முறையான ஒப்பந்தம் அனுப்புங்கள். அங்கிள்களுக்கும் ஆன்ட்டிகளுக்கும் வாட்ஸ்அப்பே போதும். நான் இப்போது அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்:

“வணக்கம் அங்கிள். நாம் பேசியபடி லோகோ ஒன்று. மூன்று மாதிரிகள் காட்டுவேன். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒன்றில் இரண்டு முறை திருத்தம் செய்யலாம். அதற்கு மேல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் 40 வெள்ளி. மொத்தம் 600 வெள்ளி. பாதி முன்பணம்; மீதி, கோப்புகளை ஒப்படைக்கும் முன். முன்பணம் வந்த நாளிலிருந்து மூன்று வாரத்தில் முடியும். சரி என்றால் ‘சரி’ என்று ஒரு பதில் போடுங்கள்.”

இதோடு ஒரு கேள்வியும் கேட்பேன்: “முடிவு சொல்லப்போவது யார்?” அந்த ஒருவர் முதல் சந்திப்பிலேயே இருக்க வேண்டும். மைத்துனர்தான் முடிவெடுப்பார் என்றால் மைத்துனரோடு பேசிக்கொள்ளலாம்.

தவறு 3: முன்பணம் வாங்காதது

கல்லூரி முடித்த ஆண்டில் ஒரு கலை நிகழ்ச்சியின் ஏற்பாட்டாளர்கள் அழைத்தார்கள். சுவரொட்டி, நுழைவுச்சீட்டு, மேடைப் பதாகை, சமூக ஊடகப் படங்கள் எல்லாம் சேர்த்து 900 வெள்ளி. எனக்கு அது பெரிய தொகை. முன்பணம் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து கேட்கவில்லை. நிகழ்ச்சி நன்றாக நடந்தது. அரங்கம் நிறைந்தது. பணம் மட்டும் வரவில்லை. “கணக்கு முடிக்கணும்”, “பொருளாளர் ஊரில் இல்லை”, “அடுத்த வாரம்” என்று எட்டு மாதம் ஓடியது. கடைசியில் 500 வெள்ளி வந்தது. மீதி வரவே இல்லை.

எனக்குச் சில வழிகள் இருந்தன, தெரிந்துகொள்ள முயலவில்லை. சேவைக்கான பணம் வராதபோது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளையும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் அது விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன், சமரசப் பேச்சுக்கு முத்தரப்புப் பூசல் நிர்வாகக் கூட்டணியின் உதவியையும் சுயதொழில் செய்வோர் கேட்கலாம். ஆனால், எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது, “எழுத்தில் என்ன இருக்கிறது?” என்பதுதான். என்னிடம் இருந்தது ஒரு கட்டைவிரல் எமோஜி.

இப்போது முன்பணம் பேநவ் வழி வந்த பிறகுதான் கணினியைத் திறக்கிறேன். உண்மையில் வேலை வேண்டும் என்று நினைப்பவர்கள் யாரும் இதற்காகக் கோபப்பட்டதில்லை. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிறோம், சமையல்காரருக்குக் கட்டுகிறோம். அழைப்பிதழ் செய்பவருக்கு மட்டும் என்ன?

தவறு 4: தமிழைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று நம்பியது

இனி அந்தச் சேலைக் கதைக்கு வருவோம். துண்டுப்பிரசுரத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்குக் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. சலுகை விவரம் முழுவதும் மாறியிருந்தது. தூக்கக் கலக்கத்தில், இன்டிசைனில் புதிதாக ஒரு எழுத்துப் பெட்டி போட்டு, அந்த வரிகளை அப்படியே ஒட்டினேன். படிக்காமல் அனுப்பிவிட்டேன்.

அடோபி மென்பொருள்களில் தமிழ் சரியாக வர, பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டிசைனில் அதன் பெயர் ‘வேர்ல்ட்-ரெடி’. முதலில் செய்த பகுதிகளுக்கு அதைப் போட்டிருந்தேன். புதிய பெட்டி வழக்கமான கம்போசரோடு திறந்துகொண்டது. அது ஆங்கிலத்தைப்போல எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கும். தமிழில் கொம்பு ஒலிப்பில் பின்னால் வந்தாலும் எழுத்தில் முன்னால் நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழ் எழுத்து மட்டும் பதாகைகளில் அடிக்கடி உடைந்து நிற்பதற்கு இதுபோன்ற அலட்சியங்களும் ஒரு காரணம். தமிழ் தெரிந்த நானே அதைச் செய்தேன் என்பதுதான் எனக்கு வலித்தது.

தமிழில் வேலை செய்யப்போகும் இளையர்களுக்கு நான் சொல்வது இவைதான். முதலாவதாக, வார்ப்புருவிலேயே கம்போசரைச் சரியாக அமைத்து வைத்துவிடுங்கள். இரண்டாவதாக, யுனிகோட் எழுத்துருக்களையே பயன்படுத்துங்கள். வாடிக்கையாளர் தரும் பழைய கோப்புகள் வேறு குறியாக்கத்தில் இருந்தால், எழுத்துருவை மாற்றியவுடன் புரியாத ஆங்கில எழுத்துகளாகிவிடும். மூன்றாவதாக, அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளை வடிவக்கோடுகளாக மாற்றுங்கள். அங்குள்ள கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் பாதிப்பு வராது. அதோடு, நிறங்களை அச்சு முறைக்கு மாற்றுவது, படங்களை 300 டிபிஐ தெளிவில் வைப்பது, வெட்டும்போது ஓரம் வெள்ளையாகத் தெரியாமல் இருக்க நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது ஆகியவையும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், தாளில் அச்செடுத்து இன்னொருவரை வாசிக்கச் சொல்வது. எனக்காக வாசிப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் விட மாட்டார். அவர் பார்த்த பிறகு வாடிக்கையாளருக்கு அனுப்பி, “படித்துப் பார்த்தேன், அச்சிடலாம்” என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். அந்த வரி வந்த பிறகு உள்ளே நுழையும் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம், தனி நாள்.

தவறு 5: யாருடையது என்று கேட்காதது

என் முதல் ஆண்டு வேலைகளில் பாதிக்கு, ‘இலவசம்’ என்று போட்டிருந்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினேன். அவற்றில் பல தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம், வணிகத்துக்கு உரிமம் வாங்க வேண்டும் என்பதைப் படிக்கவே இல்லை. கூகலில் தேடிக் கிடைத்த படங்களும் அப்படித்தான். யாரும் வழக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

இன்று தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், மீரா இனிமை, பாலூ தம்பி போன்றவற்றைக் கூகல் ஃபாண்ட்ஸிலிருந்து இறக்கி வணிக வேலைகளுக்கும் பயன்படுத்தலாம். ஒவ்வோர் எழுத்துருவுக்குப் பின்னாலும் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. ஆப்பிள் கணினிகளோடு வரும் இணைமதி எழுத்துருவை உருவாக்கியவர் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். நாம் தட்டச்சு செய்யும் எழுத்தையும் யாரோ வரைந்திருக்கிறார்கள் என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

அதேபோல் உங்கள் படைப்புக்கும் உரிமை உண்டு. 2021 நவம்பர் 21ல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக நீங்கள் உருவாக்கும் படைப்பின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதினால் மட்டுமே அது மாறும். நிறுவனத்தில் ஊழியராக இருந்து வேலையின் பகுதியாகச் செய்தால், வேறு ஏற்பாடு இல்லாதவரை நிறுவனத்துக்குச் சொந்தம். உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். நான் என் ஒப்பந்தத்தில், முழுத் தொகையும் வந்த பிறகு லோகோவின் உரிமை வாடிக்கையாளருக்குப் போகும், என் போர்ட்ஃபோலியோவில் காட்டும் அனுமதி எனக்கு இருக்கும் என்று எழுதுகிறேன். தெளிவில்லாத இடத்தில் கையொப்பம் போடாதீர்கள். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டதை என்னால் பிறகு கேட்க முடிந்ததே இல்லை.

தவறு 6: எல்லாப் பணமும் என் பணம் என்று நினைத்தது

வந்த பணம் எல்லாம் என் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்தது. அதிலிருந்தே அச்சகத்துக்குக் கொடுத்தேன், தோழிகளோடு படம் பார்த்தேன். ஆண்டு முடிவில் எவ்வளவு சம்பாதித்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது. கேட்டார்கள். உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு வருமானத்தைத் தெரிவிக்க வேண்டிய காலம் வந்தது. வாட்ஸ்அப் உரையாடல்களைப் பின்னோக்கித் தள்ளித் தள்ளி மூன்று நாள் தேடினேன்.

சுயதொழிலிலிருந்து செலவு போக ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் கிடைத்தால் மெடிசேவ் கணக்குக்குக் கட்டாயம் பணம் செலுத்த வேண்டும். வேலையிடத்தில் என்றால் முதலாளி பிடித்துக் கட்டிவிடுவார். இங்கே முதலாளி நீங்கள்தான். கணக்குப் பதிவுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். நான் இப்போது இன்னொரு வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன். வரும் ஒவ்வொரு தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கை அதில் போட்டுவிட்டு அதை மறந்துவிடுகிறேன்.

ஆசையாக ஒரு ‘ஸ்டூடியோ’ பெயரும் வைத்திருந்தேன். லோகோ, முகவரி அட்டை எல்லாம் தயார். பதிவு மட்டும் செய்யவில்லை. அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப் பெயரிலேயே தனியாகத் தொழில் செய்தால் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் ‘அக்ரா’ எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிய வேண்டும். அதற்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். மாணவர்களுக்கு என் யோசனை, தொடக்கத்தில் சொந்தப் பெயரே போதும்.

தவறு 7: நானும் அதையே செய்தது

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். முன்பு சொன்ன அந்தக் கலை நிகழ்ச்சியின் சுவரொட்டிக்குத் தமிழ்த் தலைப்பு கையால் எழுதியதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. என் வகுப்புத் தோழி தூரிகையால் தமிழ் எழுதுவதில் கெட்டிக்காரி. “நாலே சொல்தானே, எழுதிக் கொடு. 200 வெள்ளி தரேன்” என்றேன். அவள் மூன்று இரவு உட்கார்ந்து, ஏறத்தாழ நாற்பது விதமாக எழுதிக் காட்டினாள். நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சுவரொட்டியைப் பார்த்த எல்லாரும் முதலில் பாராட்டியது அந்த எழுத்தைத்தான்.

பணம் வராத அந்த எட்டு மாதத்தில் அவள் மூன்று முறை கேட்டாள். “அவங்க கொடுத்ததும் தரேன்” என்றேன். எனக்குச் சொல்லப்பட்ட அதே பதில். நான்காவது முறை அவள் கேட்கவில்லை. 500 வெள்ளி வந்தபோது எனக்கே போதவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து ஒரு நாள், “அந்தக் காசு...” என்று ஆரம்பித்தேன். “பரவாயில்லை, விடு” என்றாள். நான் அங்கிளிடம் 17 முறை சொன்ன அதே ‘பரவாயில்லை’. அதன் உள்ளே என்ன இருக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

அன்றே 200 வெள்ளியை அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது: “உன் இணையத்தளத்தில் அந்தச் சுவரொட்டி இருக்கு. என் பெயர் எங்கேயும் இல்லை.”

இல்லைதான். அந்தச் சுவரொட்டியைக் காட்டி நான் இரண்டு வேலைகள் பிடித்திருந்தேன். இரண்டு பேருமே, “இந்த எழுத்து மாதிரியே வேண்டும்” என்றுதான் வந்தார்கள். பெயரைச் சேர்த்தேன், மன்னிப்புக் கேட்டேன். ஆனால், அந்த ஒரு வருடத்தில் அவள் தூரிகையைத் தூக்கி வைத்துவிட்டு அலுவலக வேலையில் சேர்ந்திருந்தாள். அதற்கு நான் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். நான் காரணமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

நீங்கள் வேலை வாங்கும் இடத்தில் உட்காரும் நாள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வரும். படம் எடுத்துத் தரும் நண்பர், மொழிபெயர்த்துத் தரும் அக்கா, எழுத்துப் பிழை பார்க்கும் ஆசிரியை என யாராக இருந்தாலும் அவர்களுக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். உங்களுக்கு வந்ததா வரவில்லையா என்பது உங்கள் பிரச்சினை, அவர்களுடையது அல்ல. பெயரையும் போடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

படிக்கும்போதே தொடங்குங்கள், ஆனால் மாதம் ஒரு வேலைக்கு மேல் எடுக்காதீர்கள். தேர்வு வாரங்களில் எடுக்கவே எடுக்காதீர்கள். போர்ட்ஃபோலியோவில் காட்ட வேலை இல்லை என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள மளிகைக் கடைக்கு நீங்களாகவே ஒரு பெயர்ப்பலகை வரைந்து, ‘பயிற்சிக்காகச் செய்தது’ என்று குறிப்பிட்டு வையுங்கள். “விளம்பரம் கிடைக்கும், காசு கிடையாது” என்று வருபவர்களிடம் சிரித்துக்கொண்டே மறுத்துப் பழகுங்கள். நான் மேலே கொடுத்த வாட்ஸ்அப் செய்தியை உங்கள் தொகை, உங்கள் நாள்களோடு இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் கூச்சம் முந்திக்கொள்ளும்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஒரு வேலை வந்தது. தமிழ் எழுத்து கையால் வேண்டும் என்று கேட்டார்கள். தோழியை அழைத்தேன். எடுப்பாளோ மாட்டாளோ என்று இருந்தது. எடுத்தாள். விவரத்தைச் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டாள். பத்து நிமிடம் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது: “நாம் பேசியபடி, தலைப்பு ஒன்று. மூன்று மாதிரி, இரண்டு திருத்தம். 350 வெள்ளி, பாதி முன்பணம். சுவரொட்டியில் என் பெயர். சரி என்றால் ‘சரி’ என்று ஒரு பதில் போடு.”

முன்பணத்தை அனுப்பிவிட்டு, ‘சரி’ என்று பதில் போட்டேன்.